காசு கட்டினவனுக்குப் பதில் சொல்கிற வர்ணனை: ரேஸ், கிரிக்கெட், டிவி

#1 கிண்டி கேலரி

நேற்று மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது ஓவரின் கடைசிப் பந்து. பந்து எல்லைக்கோட்டை நோக்கிப் போகிறது, ஃபீல்டர் விழுந்து புரள்கிறார். வர்ணனையில் இருந்த மூன்று பேரும் முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலா மூணா என்று தெரிவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்தபின் ஸ்கோரைப் பார்த்துக் கழித்துத்தான் அது நாலு என்று கண்டுபிடித்தேன்.

எனக்கு உடனே கிண்டி ரேஸ் கோர்ஸ் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் சித்தப்பாவோடு சில முறை போயிருக்கிறேன். கிண்டி ஸ்டேஷனில் இறங்கி, வாசலில் ரேஸ் புக் ஒன்று வாங்கி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உள்ளே போவார். நான் வேடிக்கை பார்க்கப் போனவன். ஆனால் அந்த ஒலிபெருக்கிக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ரேஸ் கோர்ஸின் அந்தப் பக்கத்தில் ஓடும்போது குதிரைகள் எறும்பு மாதிரித்தான் தெரியும். பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எது எந்தக் குதிரை என்று தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அந்தக் குரல்தான் கண்.

வர்ணனை இங்கிலீஷில். கேலரியில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் முழுதும் புரிந்தது. ஏனென்றால் அவர் சொன்னது மூன்றே விஷயம்: எது முன்னால், எது பின்னால், எவ்வளவு இடைவெளி. ஒரு குதிரையை அவர் பத்து நொடி சொல்லாமல் விட்டுவிட்டால், அதில் காசு கட்டினவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருடைய பரம்பரையையே இழுப்பான். அவருக்கு அது கேட்காது. ஆனால் அப்படி ஒருவன் கீழே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும்.

என் வாதம் இதுதான். சூதாட்டம் நடந்த இடத்தில் வர்ணனை நேர்மையாக இருந்தது. இப்போது சூதாட்டம் டிவிக்குள்ளேயே வந்துவிட்டது, வர்ணனை போய்விட்டது. திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

#2 தாம்பரம் தம்பி

அண்ணா, ஒப்பீடே தப்பு. 1,200 மீட்டர் ரேஸ் என்றால் ஒண்ணேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். டி20 நாலு மணி நேரம். நாலு மணி நேரமும் "உள்பக்கம் மூணாம் நம்பர்" என்ற தொனியிலேயே பேசினால் ஆள் மயக்கம் போட்டு விழுவார், பார்ப்பவர்களும்தான்.

இன்னொன்று. எங்கள் பாட்டிக்கு கிரிக்கெட் விதி எதுவும் தெரியாது. தமிழ்ச் சேனல் வந்தது 2017-ல். அதற்கப்புறம்தான் அவர் எங்களோடு உட்கார ஆரம்பித்தார். அவருக்குப் பிடித்ததே அந்த பிரியாணிப் பேச்சுதான். ஸ்ரீகாந்த் பேச ஆரம்பித்தால் வால்யூமைக் கூட்டச் சொல்வார். உங்களுக்குக் கறாரான வர்ணனை வேண்டுமென்றால் இங்கிலீஷ் ஃபீட் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். (அங்கேயும் அதே கதைதான் என்பது வேறு விஷயம்.)

#3 கிண்டி கேலரி

தம்பி, பாட்டி விஷயத்தில் நான் தோற்றேன். ஆனால் நாலு மணி நேரம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் சொன்னபோது ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள். ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எங்கே பிட்ச் ஆனது, எத்தனை ஓட்டம், எல்லாம் சொல்லிவிட்டு மிச்ச நேரத்தில்தான் கதை. படம் இல்லை, அதனால் ஏமாற்ற வழி இல்லை. நாங்கள் டீக்கடை வாசலில் நின்றுகொண்டே ஃபீல்டிங் செட்டப்பைத் தரையில் கல் வைத்துப் பார்த்திருக்கிறோம்.

#4 மழைக்கால மேகலை

முதல் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

நீங்கள் வேடிக்கை பார்க்கப் போன கேலரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். ரயில்வே வேலை. சம்பள நாளன்று அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்பார். அப்பா வெளியே வந்ததும் கவரை வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் அவர் வேறு கேட் வழியாகப் போய்விட்டார். அந்த மாதம் அரிசியை அளந்து போட்ட அண்ணாச்சியின் முகம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வீட்டுச் செலவுக் கணக்கு ஒரு வரி எழுதாதவர், ரேஸ் புக்கின் ஓரத்தில் முத்து முத்தாக எழுதுவார். எந்தக் குதிரை எந்த தூரத்தில் என்ன எடையோடு எத்தனை நொடியில் ஓடியது, ஜாக்கி யார், மழை பெய்திருந்ததா. பரணில் கட்டுக் கட்டாக இருந்தது. பிறகு ஒருநாள் எடைக்குப் போட்டோம், பதினெட்டு கிலோ.

வர்ணனை நேர்மையாக இருந்தது என்கிறீர்கள். இருக்கட்டும். உண்மையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டைக் கவிழ்த்தார்கள். "உன் குதிரை கடைசியில் வருகிறது" என்று தெளிவாகச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்?

#5 கிண்டி கேலரி

அம்மா, உங்களுக்கு பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ரேஸுக்காகச் சித்தப்பா விற்றது ஒரு ஸ்கூட்டர், அவ்வளவுதான். அதனால்தான் என்னால் இப்படி ரசனையாகப் பேச முடிகிறது போல.

#6 டோட் கணக்கு

ஆடிட்டர் வேலை என்பதால் எண்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மேகலை அவர்களின் அப்பா ஓரத்தில் எழுதிய அந்தக் கணக்கைத்தான் உச்ச நீதிமன்றம் ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தையும் அதில் பந்தயம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு இழுத்து இழுத்து 1996 ஜனவரியில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை சார்ந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை இதெல்லாம் எடை போட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்கள் என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை, ரேஸை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்த அதே மாநிலம்தான் 1968-ல் "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று லாட்டரி ஆரம்பித்தது. அது 2003-ல்தான் நின்றது.

ஆனால் திறமை இருந்தால் ஜெயிக்கலாமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. டோட் என்ற ரேஸ் கோர்ஸ் பந்தயக் கவுண்டர், தானே விலை சொல்லிப் பந்தயம் வாங்கும் புக்கி மாதிரி அல்ல. எல்லோர் பணமும் ஒரே பானையில் விழும். கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் குதிரையை எதிர்த்து விளையாடவில்லை, கேலரியில் இருக்கும் மற்றவர்களை எதிர்த்து விளையாடுகிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்த நல்ல குதிரை ஜெயித்தால் பத்து ரூபாய்க்குப் பதினோரு ரூபாய்தான் வரும்.

உதாரணத்துக்கு நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டுகிறார்கள். பானையில் 1,000. பிடித்தம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 800. ஜெயித்த குதிரையில் 40 டிக்கெட் என்றால் டிக்கெட்டுக்கு 20 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது ஜிஎஸ்டியைச் சேருங்கள். கிளப்பின் கமிஷன் மீது அல்ல, கட்டுகிற முழுப் பணத்தின் மீதும். 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதாவது பத்து ரூபாய் பானையில் விழ, கையிலிருந்து 14 ரூபாய் போக வேண்டும். நூறு பேர் கொண்டுவந்தது 1,400. திரும்பி வெளியே போவது 800. குதிரை கேட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே 600 ரூபாய் ஓடிப்போய்விட்டது. மொத்தமாக ஜாக்பாட் அடித்துப் பத்தாயிரத்தைத் தாண்டினால் அதில் 30 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். தோற்றதை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இதைப் பார்த்துவிட்டும் ஒருவன் கட்டுகிறான் என்றால் அவனுடைய திறமை வேறு எதிலோ இருக்கிறது.

#7 தாம்பரம் தம்பி

இவ்வளவு வரி போட்டால் எல்லோரும் திருட்டு புக்கியிடம்தானே போவார்கள் சார்?

#8 டோட் கணக்கு

போனார்கள், போகிறார்கள். ரேஸ் கிளப்காரர்கள் சொல்லும் புகாரே அதுதான். வாட்ஸாப்பில் கட்டினால் 14 இல்லை, பத்தே ரூபாய். தோற்றால் மட்டும் வீட்டுக்கு ஆள் வரும்.

#9 மலைநாட்டான்

நான் ஹட்டன் பக்கம். இருபது வயதில் ஒரு புக்கிக் கடையில் கிளார்க்காக இரண்டு வருஷம் இருந்தேன். கடை பேர் வேண்டாம்.

இந்தியா ஆட்களுக்கு இது புதுசாக இருக்கும். இலங்கையில் கொழும்பு ரேஸ் கோர்ஸ் 1956-லேயே நின்றுபோனது. இப்போது அங்கே ரக்பி மைதானமும் கடைகளும் இருக்கின்றன. சித்திரை சீசனில் நுவரெலியாவில் ஓடும், கவர்னர்ஸ் கப்புக்கு ஊரே திரளும். ஆனால் வருஷம் முழுக்க எங்கள் ஆட்கள் சல்லி கட்டுவது நுவரெலியாவில் இல்லை, இங்கிலாந்தில். அங்கே மத்தியானம் ரேஸ் தொடங்கும்போது இங்கே இருட்டத் தொடங்கும். கொழுந்து பறித்து, குளித்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நடை புக்கிக் கடைக்கு.

அங்கே நான் பார்த்தது இன்னும் விளங்கவில்லை. வாழ்க்கையில் கண்டியைத் தாண்டாத ஆட்கள். ஆனால் கெம்ப்டனில் உள்பக்க கேட் நல்லது, வுல்வர்ஹாம்டனில் மழை பெய்தாலும் தரை மாறாது, லிங்ஃபீல்டில் கடைசித் திருப்பம் இறக்கம், எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஜாக்கிகளை மச்சான் மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

வர்ணனைக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் வருவது வேகமான இங்கிலீஷ். யாருக்கும் முழுசாக விளங்காது. என் பக்கத்தில் ஒரு கங்காணி வீட்டுத் தாத்தா உட்காருவார், காது கொஞ்சம் மந்தம். ரேஸ் முடிய நூறு மீட்டர் இருக்கும்போதே எந்தக் குதிரை என்று சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டேன். "பேர் விளங்காட்டி என்ன, அவன் குரல் எந்தப் பேரில் ஏறுகிறது என்று பார்" என்றார். கிண்டி அண்ணன் சொல்வது அதனால் எனக்கு நன்றாக விளங்குது. மேகலை அக்கா சொல்வதும் விளங்குது. அந்தத் தாத்தாவின் லயத்துக் காம்பிராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) ஒரு தகரப் பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

#10 லண்டன் தூறல்

மலைநாட்டான், உங்கள் கடைக்கு வந்த குரலின் ஊரிலிருந்து எழுதுகிறேன். நான் குதிரையில் ஒரு பவுண்டுகூடக் கட்டியதில்லை, ஆனால் ஏப்ரல் மாதம் கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் பெரிய பந்தயம் வந்தால் ஆபீஸே சீட்டுக் குலுக்கிப் போடும், தப்ப முடியாது.

இந்த ஊரில் பந்தயக் கடைகள் 1961-ல்தான் சட்டப்படி திறந்தன. ஆட்கள் சொகுசாக உட்கார்ந்து பழகிவிடக் கூடாது என்று அரசாங்கம் வேண்டுமென்றே கடைகளை அழுமூஞ்சியாக வைத்திருந்தது. டிவி கூடாது. 1986 வரை கடைக்குள் குரல் மட்டும்தான். அடுத்த வருஷம் சாட்டிலைட் வழியாகப் படம் வர ஆரம்பித்தது. ஆக, கால் நூற்றாண்டு அந்தக் கடைகளில் நின்றவர்கள் காதால் மட்டும் ரேஸ் பார்த்தார்கள். பீட்டர் ஓ'சல்லிவன் அந்தக் காலத்தின் பெரிய ரேஸ் வர்ணனையாளர். பிபிசியில் ஐம்பது கிராண்ட் நேஷனல் சொன்னவர் அவர்.

ஆனால் வர்ணனை என்றால் எனக்கு 1967-ம் வருஷத்து நேஷனல்தான். பதிவு இன்றும் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். இருபத்து மூன்றாவது வேலி. அது அந்தப் பந்தயத்தின் சின்ன வேலிகளில் ஒன்று. ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை அதன் முன்னால் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதி, நின்று, விழுந்து, திரும்பி ஓடி, பெரிய களேபரம். ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொய்னாவன் என்ற குதிரை ஒரு ஓரமாக இடைவெளி கண்டு தாண்டிப் போய்விட்டது. அந்த வேலியில் மைக் பிடித்திருந்தவர் மைக்கேல் ஓ'ஹெஹிர். அத்தனை குதிரை கூழாகிக் கிடக்கும் இடத்தில், யாருமே கவனிக்காத அந்த ஒரு குதிரையைச் சில நொடியில் பேர் சொல்லி அடையாளம் காட்டினார். ஒன்றுக்கு நூறு விலை போன குதிரை. ஜெயித்தது.

டோட் கணக்கு சாருக்கு ஒரு தகவல்: புக்கிகள் ஒன்றுக்கு 100 கொடுத்தார்கள், டோட் ஒன்றுக்கு 444 கொடுத்தது. பானையில் அந்தக் குதிரைக்கு அவ்வளவு குறைவான டிக்கெட்.

இனி கசப்பு. 2019 ஆகஸ்டிலிருந்து இங்கே நேரடி ஒளிபரப்பின்போது, இரவு ஒன்பது மணிக்கு முன்னால், பந்தய விளம்பரம் போடுவதில்லை என்று கம்பெனிகள் தாங்களே ஒப்புக்கொண்டன. குதிரை ரேஸுக்கு விலக்கு. ஏனென்றால் பந்தயம் இல்லாவிட்டால் ரேஸே இல்லை. புக்கிகளின் லாபத்திலிருந்து வரும் தீர்வையையும் நம்பித்தான் அந்த விளையாட்டு ஓடுகிறது. அது ஒரு விதத்தில் நாணயமான ஏற்பாடு. ஃபுட்பாலில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, ஆனாலும் பிரீமியர் லீகில் சட்டை முழுக்கப் பந்தயக் கம்பெனிப் பேர். மார்பில் போடுவதைத்தான் 2025-26 சீசனோடு நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். சட்டைக் கையில் போடலாம்.

#11 தாம்பரம் தம்பி

நம்ம ஊரில் அது கையில் போட்ட கதை மாதிரியேதான் நடந்தது. கிரிக்கெட்டில் பெட்டிங் சட்டவிரோதம். 2013 விவகாரத்தில் சிஎஸ்கேவையே இரண்டு சீசன் வீட்டில் உட்கார வைத்தார்கள், 2016-ம் 2017-ம் எங்களுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஆனால் அதே டிவியில் பெட்டிங் கம்பெனி "நியூஸ்" என்று வால் ஒட்டிக்கொண்டு விளம்பரம் கொடுத்தது. 2022 ஜூனில் ஒன்றிய அரசு போடாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறமும் வந்தது. ஃபேண்டசி டீம் (நிஜ வீரர்களை வைத்துக் காசு கட்டி நாமே போனில் போடும் டீம்) வேறு. அது திறமை விளையாட்டு என்றார்கள்.

#12 டோட் கணக்கு

1996 தீர்ப்பைத்தான் அவர்களும் கோர்ட்டில் காட்டினார்கள் தம்பி. குதிரைக்குச் சொன்ன திறமை வாதம், சுற்றி வந்து செல்போனில் ஏறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தபோது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். எதுவாக இருந்தாலும் பணம் வைத்தால் தடை. இந்திய அணியின் சட்டையில் இருந்த ட்ரீம் லெவன் பெயர் அந்த மாதமே போனது.

#13 மழைக்கால மேகலை

என் மகனுக்கு வயது பத்தொன்பது. தாத்தாவின் ரேஸ் புக்கை அவன் பார்த்ததில்லை. ஆனால் போன வருஷம் அவன் போனில் டீம் போடுவதைப் பார்த்தேன். யார் எந்த மைதானத்தில் எத்தனை ரன், ஈரம் இருக்கிறதா, டாஸ் யார். அதே முத்து முத்தான கணக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்பா ரேஸுக்குப் போக சட்டை மாற்றி, ரயிலேறி, கிண்டியில் இறங்க வேண்டியிருந்தது. அம்மாவுக்குத் தடுக்க ஒரு வாசல் இருந்தது. இவனை எந்த வாசலில் நின்று தடுப்பது? அந்த வகையில் மட்டும் கிண்டி கேலரி அவர்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சூதாட்டத்துக்கு மதில் இருந்தது.

#14 லைவ் கேபிள்

ஒளிபரப்புத் துறையில் இருக்கிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் பதிவில் காணாமல் போன அந்த நாலு ரன்னைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழ் வர்ணனையாளர்கள் பெரும்பாலும் மைதானத்தில் இருப்பதில்லை. மும்பையில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, நீங்கள் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். தேர்ட் மேனில் யார் நிற்கிறார் என்று கேமரா காட்டினால்தான் அவர்களுக்கும் தெரியும். பைனாகுலர் இல்லாத கேலரிக்காரன் நிலைமைதான். பார்ப்பவனுக்குத் தெரிந்தது மட்டுமே தனக்கும் தெரியும்போது எதைச் சொல்வது? பிரியாணியைச் சொல்லலாம்.

அடுத்து விளம்பரம். ஐபிஎல் 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ உரிமை 48,390 கோடிக்குப் போனது. ஏலத்தின்போது 410 போட்டி என்று கணக்கு. போட்டிக்கு 118 கோடி. இரண்டு பக்கமும் 20 ஓவர் முழுசாக ஆடினால் 240 பந்து, ஒரு பந்துக்கு சுமார் 49 லட்சம். ஓவர் முடிந்த அடுத்த நொடியிலிருந்து அந்தக் காசைத் திரும்ப எடுக்க வேண்டும். பட்டனில் கை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஃபீல்டர் பந்தைத் தடுத்தாரா என்பதைவிட, அவருக்கு அந்த அரை நிமிடம் முக்கியம். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுங்கள், கேட்காது.

மூன்றாவது, யாரும் சொல்லாத விஷயம், தாமதம். டிஷ்ஷில் வருவதற்கும் மைதானத்தில் நடப்பதற்கும் சில நொடிகள் வித்தியாசம். செல்போன் ஸ்ட்ரீமிங்கில் அரை நிமிடம்கூட ஆகலாம், ஏனென்றால் வீடியோவைத் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு மூன்று துண்டு கையிருப்பு வந்தபின்தான் உங்கள் போன் ஓட்டவே ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்திய பிறகு உங்கள் வீட்டில் பவுலர் ஓடி வருவது அதனால்தான். வேடிக்கை பார்ப்பவனுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ஆட்டம் நடக்கும்போதே பந்துக்குப் பந்து பணம் கட்டுகிறவனுக்கு? மைதானத்தில் உட்கார்ந்து போனில் சேதி சொல்லும் ஆள் ஒருவன் இருந்தால் நீங்கள் காலி. 2014-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் ஒருவரை இதற்காகவே கைது செய்தார்கள். இங்கிலாந்தில் ரேஸ் கோர்ஸுக்கு வெளியே நின்று ட்ரோன் பறக்கவிட்டு, டிவியை முந்திப் படம் எடுத்துக்கொடுக்கும் தொழிலே நடக்கிறது.

இந்த ஒன்றில் பழைய டோட் நியாயமானது. கேட் திறந்த நொடியில் கவுண்டர் மூடிவிடும். அதற்கப்புறம் யாருக்கு முதலில் தெரிந்தால் என்ன?

#15 லண்டன் தூறல்

ட்ரோன் உண்மை. நானே பார்த்திருக்கிறேன், வேலிக்கு வெளியே ஒரு வேன், மேலே ரீங்காரம். குதிரைகளைவிட அதுதான் எனக்குப் புதுமையாக இருந்தது.

#16 மலைநாட்டான்

போட்டோ ஃபினிஷ் (குதிரைகள் ஒட்டி வந்தால் படம் பார்த்து முடிவு சொல்வது) பற்றி லைவ் கேபிள் ஐயா ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் கடையில் பாதிச் சண்டை அதில்தான். படத்தில் குதிரையின் கால் கோணல்மாணலாக இருக்கும், "இது பொய்ப் படம், வரைந்திருக்கிறான்" என்று கத்துவார்கள்.

#17 லைவ் கேபிள்

பொய் இல்லை ஐயா, அது நாம் நினைக்கிற போட்டோவே இல்லை. அந்தக் கேமரா முடிவுக் கோட்டை மட்டும், ஒரு நூல் அகலத்துக்கு, விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நூல்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் வருவதுதான் படம். அதாவது இடமிருந்து வலம் இருப்பது தூரம் அல்ல, நேரம். மூக்கு கோட்டைத் தொட்ட நேரம் ஒன்று, பின்னங்கால் தொட்ட நேரம் இன்னொன்று. அதற்குள் கால் அசைந்துவிடுகிறது, அதனால் கோணல். நெய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#18 கிண்டி கேலரி

இவ்வளவு தெரிந்தவர்கள் கூடியிருக்கும்போது என் பழைய சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். கிண்டியில் 1777 முதல் ரேஸ் ஓடியதாகச் சொல்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் போன நாளிலெல்லாம் ஒலிபெருக்கியில் தமிழ் கேட்டதே இல்லை. 1945-ல் தொடங்கிய குத்தகை, வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம், 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து சீல் வைத்தது, வழக்கு, குளம் வெட்டினது எல்லாம் பேப்பரில் படித்தோம். அதே வருஷம் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் எடுத்தார்கள். அதில் சரி தவறு பேச நான் வரவில்லை. 160 ஏக்கரில் ஒரு தமிழ் வர்ணனைகூட இல்லாமல் போய்விட்டதே என்பதுதான் என் குறை. தமிழில் ரேஸ் சொல்ல முடியுமா?

#19 தாம்பரம் தம்பி

கஷ்டம் அண்ணா. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "மூணாம் நம்பர் குதிரை உள்பக்கமாக வந்து ஐந்தாம் நம்பரை" என்று சொல்லி மூச்சு வாங்கி, "முந்துகிறது" என்பதற்குள் ரேஸ் முடிந்து காசு கொடுத்துவிடுவார்கள்.

#20 மலைநாட்டான்

அப்படி இல்லை தம்பி. வினையே தேவை இல்லை. "முன்னால் மூணு, அரைக் குதிரை நீளம் பின்னால் ஐந்து." தாத்தா எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னது இப்படித்தான். தமிழில் வினை இல்லாமலே வாக்கியம் நிற்கும். இங்கிலீஷ்காரனுக்குத்தான் அந்த வசதி இல்லை.

#21 கிண்டி கேலரி

சரி, முயற்சி பண்ணுகிறேன். சிரிக்கக் கூடாது. 1,400 மீட்டர், எட்டுக் குதிரை.

"கேட் திறந்தாச்சு! எட்டும் ஒன்றாகக் கிளம்பியாச்சு. உள்பக்கம் மூணு, மூணுதான் முன்னால். அரை நீளம் பின்னால் ஐந்து. ஐந்தோடு தோளுக்குத் தோள் ஒன்று. இரண்டு நீள இடைவெளி, அப்புறம் ஏழு, ஏழுக்கு வெளியே இரண்டு. நாலும் ஆறும் கடைசியில். எண்ணூறு மீட்டர் பாக்கி. மூணு இன்னும் முன்னால், ஜாக்கி அசையவே இல்லை. ஐந்து நெருங்குது. ஒன்று களைத்தாச்சு, ஒன்று பின்னால் போகுது. திருப்பம்! திருப்பத்தில் மூணு கொஞ்சம் வெளியே, அந்தச் சந்தில் ஐந்து, ஐந்து முன்னால்! நானூறு பாக்கி. ஐந்து ஒரு நீளம். வெளிப்பக்கம் இரண்டு, இரண்டு பறக்குது! ஆறும் கூடவே. ஐந்தா, இரண்டா? ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு... போட்டோ!"

#22 தாம்பரம் தம்பி

அண்ணா, பாட்டியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டுதான் ஜெயித்திருக்கும் என்கிறார். எங்கள் வீட்டில் யாரும் இனிமேல் பாட்டி கையில் காசு கொடுக்கப் போவதில்லை.

#23 மழைக்கால மேகலை

நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டும் கிளம்பியாச்சு என்றீர்கள். மூணு, ஐந்து, ஒன்று, ஏழு, இரண்டு, நாலு, ஆறு. எட்டாம் நம்பர் எங்கே? கடைசி வரை அதைச் சொல்லவே இல்லை.

#24 கிண்டி கேலரி

ஐயோ. கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டுங்கள், தகும். எட்டு கேட்டிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? காசை வாபஸ் கொடுத்துவிடுகிறோம்.

#25 டோட் கணக்கு

கதவு பழுதாகித் திறக்காமல் போனால்தான் வாபஸ். கதவு திறந்தும் குதிரை நின்றால் காசு போனதுதான். ஜிஎஸ்டியும் சேர்த்து.